வடுகர் குதிரையும் சவேரியார் தோணியும்

திசம்பர் 3ஆம் நாள் புனித சவேரியார் திருநாள் வரும்பொழுதெல்லாம், முத்துக்குளித்துறைக் கோவில்களின் மறையுரைகளிலும் நாடக மேடைகளிலும் ஒரு காட்சி தவறாது இடம்பெறும். புழுதி பறக்க வடுகர் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. புனிதர் ஒருவரே பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திப் பிடித்து எதிரே நிற்கிறார். குதிரைகள் மிரண்டு பின்வாங்குகின்றன. கேட்போர் கண்களில் நீர் மல்குகிறது. நானும் பல ஆண்டுகள் இக்காட்சியை விரித்துரைத்து மறையுரை ஆற்றியவனே.

ஒருமுறை பூசை முடிந்து பூசையறைக்குள் நுழைந்தபோது, கடலில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் வாயிலில் நின்றார். "சாமி, குதிரையெல்லாம் திரும்பிப் போயிட்டுன்னா, நம்ம ஆளுவ அத்தன பேரு எப்படிச் செத்தாவ?" என்று கேட்டார். கேள்வியில் ஐயமோ குதர்க்கமோ இல்லை. தம் முன்னோரின் சாவு கணக்கில் வராமல் போயிற்றே என்ற ஆதங்கம் மட்டுமே இருந்தது. அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடியே சவேரியாரின் கடிதங்களை, குறிப்பாக 1544ஆம் ஆண்டுக் கடிதங்களை, மறுபடியும் எடுத்து வாசித்தேன். அந்த வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

இருவகைக் கடிதங்கள்

சவேரியார் எழுதிய கடிதங்களில் உலகறிந்தது 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதியதாகும். திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்ததையும், பாரீசுப் பல்கலைக்கழகத்தில் நின்று அறிஞர்களைக் கூவி அழைக்க வேண்டும் போலிருந்ததையும் அதில்தான் அவர் சொல்கிறார். அக்கடிதம் மறு ஆண்டே பாரீசில் அச்சேறியது. ஐரோப்பா முழுவதும் படித்துக் கண்ணீர் விட்டது. நாமும் அதையே மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம்.

அதே ஆண்டில் அவர் எழுதிய வேறு சில கடிதங்கள் உண்டு. அவை பிரான்சிஸ் மான்சிலாஸ் என்ற உடன் உழைப்பாளருக்குப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்டவை. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, தூத்துக்குடி, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் ஆகிய ஊர்களிலிருந்து விடுக்கப்பட்டவை. பெரும்பாலும் சிறு ஓலைகள். அச்சுக்காகவோ அரசருக்காகவோ எழுதப்பட்டவை அல்ல. தோணி வந்ததா, அரிசி சேர்ந்ததா, இன்னார் உடல்நலம் எப்படி, இன்னாருக்கு எத்தனை பணம் கொடுக்க வேண்டும் என்பனவே அவற்றின் பொருள்.

மொழிநடையை நோக்குபவர்க்கு இச்சிற்றோலைகள் ஒரு புதையல். போர்த்துக்கீசிய வாக்கியங்களுக்கு நடுவே நம் கரையின் சொற்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. தோணி 'தோனெ' ஆகிறது. பட்டங்கட்டியும் கணக்கப்பிள்ளையும் அதிகாரியும் சற்றே உருமாறி நடமாடுகின்றனர். வடுகர் 'படகர்' ஆகின்றனர். நவார் நாட்டுப் பிரபு குலத்தில் பிறந்து, பாரீசில் அரிஸ்டாட்டிலின் தத்துவம் கற்பித்த ஒருவர், தமக்குச் சரிவரப் பிடிபடாத மொழியின் சொற்களைக் கைவிடாமல் பற்றிக்கொள்கிறார். ஆகஸ்டு மாத ஓலை ஒன்றில், மொழிபெயர்ப்பாளன் நோயுற்றுக் கிடப்பதாகவும், தாம் சொல்வது மக்களுக்கும் மக்கள் சொல்வது தமக்கும் விளங்காத நிலையில் வாழ்வதாகவும் கூறுகிறார். இந்த அறிக்கையில் நாடகம் ஏதுமில்லை.

கடிதங்களைப் பெற்ற மான்சிலாஸ் பிற்காலத்தில் மொலுக்காஸ் தீவுகளுக்குச் செல்ல மறுத்ததால் 1548இல் இயேசு சபையிலிருந்து விலக்கப்பட்டார். விலக்கியவர் சவேரியாரே. ஆயினும் அம்மனிதர் அவ்வோலைகளைக் கிழித்தெறியாமல் காத்து வைத்திருந்தார். அதனால்தான் அவை இன்று நமக்குக் கிட்டியுள்ளன.

குதிரை வந்த வழி

ஓலைகளுக்குள் நுழையுமுன், அவற்றில் இடியோசை போலக் கேட்டுக்கொண்டே இருக்கும் குதிரைக் குளம்படியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

நம் நாடு குதிரை வளரும் நாடன்று. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வந்த விலங்கு அது. பாண்டிய அமைச்சராகிய மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பொன்னோடு திருப்பெருந்துறைக்குச் சென்ற வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்து அடைவதை எழுதியுள்ளார். ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பாண்டிய மன்னர் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை, பேணத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் கூற்று. பாண்டி நாட்டுப் பொன் அரபிக் கடலில் கரைந்தது இவ்வாறே.

16ஆம் நூற்றாண்டில் இவ்வாணிபம் போர்த்துக்கீசியர் கைக்கு மாறியது. கோவாத் துறையில் இறங்கிய குதிரைகள் விஜயநகரத்துக்குச் சென்றன. பேரரசர் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் குதிரைகள் வாங்கி, சிறந்தவற்றைத் தம் இலாயத்தில் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைப் படைத்தலைவர்களுக்கு வழங்கினார் என்று அங்கே சில காலம் தங்கிய குதிரை வணிகர் நூனிஸ் குறித்துள்ளார். அப்படைத்தலைவர்களின் ஆட்களே வரி திரட்டவும் அடங்காதவரை அடக்கவும் தெற்கே வந்த வடுகர். வேணாட்டு அரசருக்கும் கயத்தாற்றுப் பகுதியை ஆண்ட வெட்டும்பெருமாளுக்கும் இடையே இருந்த பகையும், விட்டலராயரின் தென்னாட்டுப் படையெடுப்பும் அவர்கள் வரவுக்குப் பின்புலமாக அமைந்தன.

இன்னொரு செய்தியையும் மறக்கலாகாது. முத்துக்குளித்துறைப் பரதவர் திருமறையில் சேர வழிகாட்டிய ஜோவான் தா குரூஸ் யார்? கள்ளிக்கோட்டைச் சாமூதிரி 1513இல் போர்ச்சுக்கல்லுக்கு அனுப்பிய மலையாள இளைஞர். அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியவர். அவர் குமரிமுனைக்கு வந்தது குதிரை விற்பதற்காக! அவர் சொற்கேட்டே பரதவத் தலைவர்கள் 1535இல் கொச்சிக்குத் தூது சென்றனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். நமது விசுவாச வரலாற்றின் தலைவாயிலிலேயே குதிரை கட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கொடியின்கீழ் நம் முன்னோர் அடைக்கலம் புகுந்தனரோ, அந்தக் கொடியைத் தாங்கிய துறைமுகத்தின் வழியாகவே பேரரசின் குதிரைகளும் வந்தன. இது கசப்பான செய்திதான். ஆனாலும் கசப்பை விழுங்காமல் வரலாறு படிக்க இயலாது.

ஐரோப்பாவின் வடுகர்

இக்கொடுமை நம் நாட்டுக்கே உரியது என்றும் எண்ண வேண்டா. அக்கால ஐரோப்பாவில் இலகு குதிரைப்படை எனப்பட்டவர்கள் இருந்தனர். உடல் முழுதும் இரும்புக் கவசம் பூண்ட பழைய வீரரைப் போலன்றி, இவர்கள் மெல்லிய உடையும் விரைந்த குதிரையும் கொண்டவர்கள். ஒற்றறிதல், திடீரெனத் தாக்குதல், தீயிடுதல், கால்நடையையும் மனிதரையும் ஓட்டிச்செல்லுதல், எதிர்ப்பு வலுத்தால் காற்றாய் மறைதல் ஆகியவை இவர்தம் தொழில். இசுபானிய நாட்டில் குறுகிய அங்கவடியில் கால் மடக்கி ஏறிய ஜினேத்தே வீரர்கள், வெனிசு நகரத்துக்குக் கூலிப்படையாய் வந்த அல்பேனிய, கிரேக்க நாட்டு ஸ்திரதியோத்திகள், அங்கேரியின் ஹுசார்கள், துருக்கியரின் அகிஞ்சிகள் என இவர்களுக்குப் பல பெயர்கள். அகிஞ்சிகளுக்குச் சம்பளமே கிடையாது. கொள்ளையே கூலி. 1495இல் ஃபோர்னோவோ போரில் வெனிசின் ஸ்திரதியோத்திகள் பகைவரோடு பொருவதை விட்டுவிட்டுப் பிரெஞ்சு அரசரின் மூட்டை முடிச்சுகளைச் சூறையாடப் போய்விட்டனர்.

அரசர்கள் இவர்களைப் பழித்துக்கொண்டே பயன்படுத்தினர். பின்னர் ஒழுங்குபடுத்திச் சீருடை அணிவித்தனர். 1692இல் பிரான்சு தன் முதல் ஹுசார் அணியை அமைத்துக்கொண்டது. நாளடைவில் அவர்களுடைய தொப்பியும் மீசையும் வீரத்தின் இலக்கணமாயின. ஆனால் குதிரையின் முதுகிலிருந்து பார்ப்பவனுக்கு வீரமாய்த் தெரிவது, குளம்படிக்குக் கீழே கிடப்பவனுக்கு வேறாகத்தான் தெரியும். இந்த இரண்டாம் பார்வையை ஐரோப்பியக் கலையில் அழியாமல் பதித்தவர் லொரேன் நாட்டு ஓவியர் ஜாக் காலோ. 1633இல் அவர் வெளியிட்ட போர்க்கொடுமை பற்றிய 18 செதுக்கோவியங்களில் எரியும் சிற்றூரும் சூறையாடப்படும் பண்ணைவீடும் இடம்பெறுகின்றன. அவருக்கு 89 ஆண்டுகளுக்கு முன்பே, மணப்பாட்டு மணலில் அமர்ந்து, அதே பார்வையைச் சொற்களில் பதித்தவர் சவேரியார் என்பது என் கருத்து.

அவருக்கு அப்பார்வை வாய்த்ததற்குக் காரணமும் உண்டு. 1506இல் பிறந்த அவர், ஆறு வயதில் தம் நாடாகிய நவார் காஸ்தில் அரசின் படைக்கு அடிமைப்பட்டதையும், பத்து வயதில் தாம் பிறந்த கோட்டையின் கோபுரங்கள் அரச ஆணையால் இடிக்கப்பட்டதையும் கண்டவர். தந்தை அதற்கு முந்தின ஆண்டே மறைந்துவிட்டார். அண்ணன்மார் இருவரும் போர்க்களம் புகுந்தனர். 1521இல் பம்பலோனாவில் எதிரணியில் நின்று காலில் குண்டடிபட்டவரே புனித இஞ்ஞாசியார். படை வந்து போன வீட்டின் பிள்ளை சவேரியார்.

எட்டு நாள் கடலில்

1544 சூன் 16 அன்று மணப்பாட்டிலிருந்து எழுதிய ஓலையைப் பார்ப்போம். குமரிமுனைக் கிறிஸ்தவர்களை வடுகர் தாக்கினர். பலரைச் சிறைபிடித்துச் சென்றனர். தப்பியவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருக்கின்றனர். தாம் அன்றிரவே இருபது தோணிகளோடு புறப்படுவதாகச் சொல்லும் சவேரியார், சிறுவர்களைக் கொண்டு செபிக்கச் செய்யும்படி மான்சிலாசைக் கேட்டுக்கொள்கிறார். ஓலை இவ்வளவே. உவமையும் இல்லை, ஒப்பாரியும் இல்லை.

அடுத்த ஓலை சூன் 30. இடம் மீண்டும் மணப்பாடு. அவர் குமரிமுனையை அடையவே இல்லை! எட்டு நாள் கடலில் தத்தளித்திருக்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் அறைகிறது. துடுப்புப் போட்டும் பயனில்லை, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை. சூன் மாதத்தில் தெற்கு நோக்கித் தோணி செலுத்துவதன் பாடு நம் கடலோர மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறைமேல் மக்கள் சாகின்றனர், மீட்க வந்தவர் காற்றிடம் தோற்றுத் திரும்புகிறார். வேறொருவர் எழுதியிருந்தால் இத்தோல்வியை மறைத்திருப்பார், அல்லது இறைவனின் திருவுளம் என்று பூசி மெழுகியிருப்பார். சவேரியார் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறார். காற்று தணிந்தால் மறுபடியும் செல்வதாகச் சொல்கிறார்.

மூன்றாவது ஓலை ஆகஸ்டு 1. கடல் வழி அடைத்தபோது அவர் தரைவழியே நடந்தே சென்றிருக்கிறார். மணப்பாட்டிலிருந்து குமரிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும். அங்கே கண்டதைச் சில வரிகளில் அடுக்குகிறார். உண்ண ஏதுமின்றிச் சிலர். முதுமையால் நடக்க இயலாமல் சிலர். இறந்து கிடப்போர் சிலர். வழியிலேயே பிள்ளை பெறும் பெண்கள். உலகில் இதைவிட இரங்கத்தக்க காட்சி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, உடனே காரியத்துக்கு வந்துவிடுகிறார். வந்து சேர்ந்த அகதிகளுக்காக ஊர்தோறும் அறப்பணம் திரட்ட வேண்டும், ஆனால் ஏழைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார்.

இங்கேதான் இவ்வெழுத்தின் உயர்வு விளங்குகிறது. துயரத்தை அவர் வருணிப்பதில்லை, எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் சோற்றைப் பற்றிப் பேசுகிறார். தொடர்ந்து வரும் ஓலைகளில், நிலவொளியில் குதிரைவீரர் கரைக்கு வரக்கூடும், ஆகவே உள்நாட்டுப் பக்கம் காவலரை நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை கேட்கிறது. நிலவு அழகன்று, ஆபத்து. இதைவிடப் போர்க்கால இரவைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

செப்டம்பரில் தூத்துக்குடியின் முறை. மக்கள் தீவுகளுக்கு ஓடினர். போர்த்துக்கீசியத் தலைவன் கொஸ்மே தெ பைவாவின் கப்பலும் வீடும் எரிக்கப்பட்டன. அவனுக்கும் சவேரியாருக்கும் கடும் மனத்தாங்கல் இருந்தது. ஆயினும் ஆலந்தலையிலிருந்து செப்டம்பர் 5 அன்று அவர் எழுதுவது, புன்னைக்காயலிலிருந்து உணவும் தண்ணீரும் ஏற்றிய தோணிகளை அவனுக்கு உதவியாக உடனே அனுப்புக என்பதே. ஆறேழு மாதம் கழித்து, 1545 ஏப்ரலில், அவன் பேராசையால் தூத்துக்குடியில் விளைந்த சாவுகளுக்கு அவன் மனச்சாட்சி பதில் சொல்லவேண்டும் என்று கண்டிக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர் முதலில், கண்டிப்பு பிறகு. ஒப்புரவு அருட்சாதனத்தின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் குருமடப் பாடநூலிலும் நான் கற்றதில்லை.

திரும்பிய குதிரையும் திரும்பாத குதிரையும்

அப்படியாயின் நாம் மேடையில் காணும் காட்சி எங்கே? சவேரியாரின் கடிதங்கள் எதிலும் அது இல்லை. பின்னர் வந்த வரலாற்றாசிரியர்கள் அதை வளர்த்தெடுத்தனர். 1682இல் பிரெஞ்சு மொழியில் பூஊர் அடிகளார் எழுதிய வரலாறு அதைப் பெருங்காவிய அழகோடு தீட்டியது. 1688இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் அந்நூலை மொழிபெயர்த்தபின் அது மேலும் பரவியது. வாழையடி வாழையாய் வந்த மரபை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. தம்மைத் தேடி வந்த ஒருவரை மக்கள் எவ்வளவு நேசித்தனர் என்பதற்கு அம்மரபே சான்று. ஆனால் இலக்கியமாக எடைபோட்டால், காவியச் சவேரியாரைவிட ஓலைச் சவேரியாரே பெரியவர் என்று சொல்லத் துணிகிறேன்.

பக்தியுள்ளம் வெற்றியைக் காண விரும்பும்போது குதிரையைத் தேடுகிறது. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலடியார் தமஸ்கு வழியில் விழுந்தபோது குதிரை எதுவும் இல்லை. ஆனால் 1601இல் கரவாஜ்ஜோ தீட்டிய ஓவியத்தில் பாதிப் பரப்பைக் குதிரையே அடைத்துக்கொள்கிறது. கலிலேயக் கடலில் வலை வீசிய யாக்கோபு, இசுபானியரின் பக்தியில் வெண்குதிரை ஏறி வாள் சுழற்றும் சந்தியாகப்பர் ஆனார். அச்சுரூபம் நம் கடற்கரைக்கும் வந்தது. மீனவரான திருத்தூதரைக் குதிரைமேல் ஏற்றி, குதிரைக்கு அஞ்சி ஓடிய மீனவர்களிடமே அனுப்பிவைத்த விந்தையை என்னென்பது! திருவிவிலியமோ குதிரையின் வலிமையை நம்புவோரை எசாயாவின் வாயிலாக எச்சரிக்கிறது. செக்கரியா கண்ட அரசர் கழுதைமேல் வருகிறார்.

சவேரியார் கரையை விட்டகன்ற சில ஆண்டுகளில், 1549இல், வேதாளையில் வடுகர் தாக்கினர். அந்தோணி கிரிமினாலி அடிகளார் பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றிவிட்டுத் தாம் கரையிலேயே நின்றார். அவர் முன்னே எக்குதிரையும் திரும்பவில்லை. ஈட்டிக்கு இரையாகி இயேசு சபையின் முதல் மறைசாட்சியானார். குதிரை திரும்பினால்தான் புனிதம் என்றால் இவரை எங்கே வைப்பது? சிலுவையிலிருந்து இறங்கி வராதவரை எங்கே வைப்பது?

ஓலைகளின் குறை

புனிதரின் எழுத்தாயினும் குறை கூறாமல் விடுவது திறனாய்வாகாது. இவ்வோலைகளில் பட்டினி கிடந்தோர் பலர் பெயரற்றவர்கள். வழியில் பிள்ளை பெற்றவள் பெயர் நமக்குத் தெரியாது. வடுகருக்கோ முகமே இல்லை. அவர்கள் ஏன் வந்தனர், எந்த வரிக்காக, யார் ஏவலால் என்ற கேள்விகளை இவ்வோலைகள் துருவுவதில்லை. அவர்களும் ஒரு படைத்தலைவனின் இலாயத்தில் குதிரை பெற்று, கொள்ளையில் பங்கு கிடைத்தால் வீட்டில் அடுப்பெரியும் என்று வந்த ஏழைகளாய் இருந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. அவசரத்தில் எழுதியவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமன்று. ஆனால் அமைதியாக அமர்ந்து வாசிக்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏனெனில் அன்று குதிரையில் வந்தோரின் மொழியைப் பேசுவோர் இன்று நம் கரிசல் காட்டு அயலார். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் கடற்கரையிலிருந்து வந்தோரும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகின்றனர். 1544இன் பகையை மறையுரையில் மறுபடியும் மூட்டுவது அப்பந்தியை அவமதிப்பதாகும். வடுகர் என்ற சொல்லை மேடையில் உரக்கச் சொல்லிக் கைதட்டல் பெறும் நாடகக்காரர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நானும் எண்ணிப் பார்த்தேன், சற்றுத் தாமதமாக.

முதியவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஐயா, நம் ஆட்கள் பாறைமேல் பசியாலும் தாகத்தாலும் செத்தார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒருவர் இருபது தோணிகளோடு புறப்பட்டார். காற்று விடவில்லை. எட்டு நாள் போராடித் திரும்பினார். பின்பு நடந்தே போனார். போய்ச் சேர்ந்தபோது பலர் இறந்திருந்தனர். எஞ்சியவர்களுக்குச் சோறு தேடினார்.

வரும் திசம்பரில் நான் சொல்லப்போகும் மறையுரை இதுவே. இதில் குதிரை மிரண்டு ஓடும் காட்சி இராது. யாரும் கைதட்டவும் மாட்டார்கள். ஆனால் கடலுக்குப் போனவரை எதிர்பார்த்துக் கரையில் நின்று பழகிய நம் மக்களுக்கு, தாமதமாயினும் வந்து சேர்ந்தவரின் அருமை விளங்கும்.